பிரிட்டிஷ் நாவல்களில் ஆகச்சிறந்தது எது? மிடில்மார்ச்சுக்கு முதலிடம் சரிதானா?

தாமரைக்குளம் எழுதியது:

2015-ல் பிபிசி கல்ச்சர் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. பிரிட்டனுக்கு வெளியே இருக்கும் விமர்சகர்கள் 82 பேரிடம் மட்டும், பிரிட்டிஷ் நாவல்களில் தலைசிறந்தவை எவை என்று கேட்டார்கள். முதலிடம் ஜார்ஜ் எலியட்டின் மிடில்மார்ச். இரண்டும் மூன்றும் வர்ஜீனியா வுல்ஃபின் டு தி லைட்ஹவுஸ், மிஸஸ் டாலோவே. நான்கு, ஆறு, எட்டு மூன்றும் டிக்கன்ஸ். முதல் பத்தில் ஆறு பெண்கள் எழுதியவை. 2003-ல் இதே பிபிசி பிரிட்டன் மக்களிடம் பிடித்த நாவலைக் கேட்டபோது முதலில் வந்தது லார்ட் ஆஃப் தி ரிங்ஸ். பிடித்தது எது என்பதில் சண்டை போட ஒன்றுமில்லை. சிறந்தது எது என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணங்களைப் பேசத்தான் இந்த இழை.

நான் மிடில்மார்ச் பக்கம். கதாநாயகி டோரதியாவுக்காக அல்ல, 74ஆம் அத்தியாயத்துக்காக.

புல்ஸ்ட்ரோட் ஊரின் வங்கிக்காரர். பக்திமான். ஊரில் எந்தக் காரியமும் அவர் கையைத் தாண்டி நடக்காது. அவருடைய பணம் எப்படி வந்தது என்ற பழைய கதை ஒருநாள் வெளியே வந்துவிடுகிறது. ஒரு சாவிலும் அவர்மேல் சந்தேகம் விழுகிறது. ஊருக்கே தெரிந்தபின் கடைசியாகத் தெரியவருவது அவர் மனைவி ஹாரியட்டுக்கு. அதுவரை அவள் நாவலில் பெரிய ஆளே இல்லை. நல்ல துணிமணியில் ஆசையுள்ள, சற்றே பெருமை பேசும் ஒரு நடுத்தர வயதுப் பெண், அவ்வளவுதான். விஷயம் அண்ணன் வாயால் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து அறையைத் தாழிட்டுக்கொள்கிறாள். அழுது முடிக்கிறாள். பிறகு நகைகளைக் கழற்றி வைக்கிறாள், வேலைப்பாடில்லாத கறுப்பு உடை ஒன்றை உடுத்துகிறாள், தலைக்கும் எளிய தொப்பி. கீழே இறங்கிப்போகிறாள். கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். "நிமிர்ந்து பாருங்கள், நிக்கலஸ்" என்கிறாள். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். இதில் எவ்வளவு பொய் என்று அவள் கேட்கவில்லை. நான் குற்றமற்றவன் என்று அவரும் சொல்லவில்லை.

புல்ஸ்ட்ரோட் மீது வாசகருக்குத் துளி இரக்கம்கூட மிஞ்சாதபடி அதற்குமுன் பல அத்தியாயங்கள் எழுதிவிட்டு, பிறகு இப்படி ஒரு காட்சியை வைக்கிறார் எலியட். ஏறக்குறைய எண்ணூறு பக்க நாவலில் யாருமே வெறும் துணைப்பாத்திரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கம் நியாயம் ஒன்று இருக்கிறது, அதை நாவல் கேட்கிறது. 29ஆம் அத்தியாயம் டோரதியாவைப் பற்றித் தொடங்கி, எழுதிக்கொண்டிருக்கும்போதே "ஏன் எப்போதும் டோரதியாவே?" என்று நின்று, அவள் வெறுக்கத் தொடங்கியிருக்கும் கிழட்டுக் கணவன் கசாபனின் மனசுக்குள் போகிறதே, அந்தத் திருப்பத்தை வேறெந்த பிரிட்டிஷ் நாவலும் இவ்வளவு நேர்மையாகச் செய்யவில்லை.

வழக்குக்கட்டு எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் நான் டிக்கன்ஸின் ப்ளீக் ஹவுஸ் பக்கம் நிற்கிறேன்.

தொழில் முறையில் நீதிமன்றத்தில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். வாய்தா என்பது மனிதனை என்ன செய்யும் என்று எழுதிய நாவல் உலகத்தில் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. ஜார்ண்டைஸ் வழக்கு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கடைசியில் ஒரு உயில் கிடைக்கிறது, தீர்ப்பு வந்துவிடும் என்று எல்லோரும் ஓடி வருகிறார்கள். சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்துபோய்விட்டது, அதனால் வழக்கும் முடிந்தது என்கிறார்கள். நீதிமன்றத்திலிருந்து கூட்டம் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறது. அந்த வழக்கையே நம்பியிருந்த ரிச்சர்ட் அதோடு செத்துப்போகிறான்.

டிக்கன்ஸ் இதைக் கற்பனையில் பெருக்கிச் சொல்லவில்லை. நூல் முன்னுரையில் அவரே எழுதுகிறார்: ஏறத்தாழ இருபது ஆண்டு முன் தொடங்கிய ஒரு வழக்கு அப்போதும் நடந்துகொண்டிருந்தது, ஒரே சமயத்தில் முப்பது நாற்பது வக்கீல்கள் ஆஜரானார்கள், செலவு 70,000 பவுண்டு. 1844-ல் அவரே, நாவலில் ஜார்ண்டைஸ் வழக்கு நடக்கும் அதே சான்சரி நீதிமன்றம் போனார். கிறிஸ்துமஸ் கேரலைத் திருட்டுப் பதிப்பு போட்டவர்கள்மேல் வழக்கு. ஜெயித்தார். எதிராளி திவால் என்று சொல்லிவிட்டதால் செலவு இவர் தலையில் விழுந்தது. ப்ளீக் ஹவுஸின் கோபம் அங்கே தொடங்கியது.

தாமரைக்குளம் அய்யாவுக்கு என் கேள்வி இது. எல்லோருக்கும் நியாயம் கேட்கிற நாவல் என்கிறீர்கள். மிடில்மார்ச்சில் தெருக்கூட்டும் பையன் எங்கே? ப்ளீக் ஹவுஸில் ஜோ இருக்கிறான். அப்பா பெயர் தெரியாது, படிக்கத் தெரியாது, எங்கே நின்றாலும் "நகர்ந்து போ" என்று விரட்டுகிறார்கள். அவன் இருந்த சேரியிலிருந்து காய்ச்சல் கிளம்பி, சார்லி என்ற வேலைக்காரப் பெண்ணுக்கு வந்து, அவளிடமிருந்து கதை சொல்லும் எஸ்தருக்கே தொற்றி முகத்தைச் சிதைக்கிறது. மாளிகையின் சீமாட்டி கடைசியில் விழுந்து சாவது, ஜோ அவளுக்குக் காட்டிய அதே ஏழைகளின் இடுகாட்டு வாசலில். மேலேயும் கீழேயும் இருப்பவர்களை ஒரே நூலில் கட்டிய நாவல் இது. ஜோ செத்ததும் கதைசொல்லி மகாராணியையும் பிரபுக்களையும் பாதிரிகளையும் நேராகப் பார்த்துப் பேசுகிறார், நம்மைச் சுற்றி ஒவ்வொரு நாளும் இப்படித்தான் சாகிறார்கள் என்று. அந்தப் பக்கத்துக்கு ஈடாக மிடில்மார்ச்சில் எதைக் காட்டுவீர்கள்?

தாமரைக்குளம் எழுதியது:

39ஆம் அத்தியாயம், டாக்லி. ஊர்ப் பெரியவர் புரூக் சீர்திருத்தம் பேசி நாடாளுமன்றத்துக்குப் போகப் பார்க்கிறார். அவருடைய குத்தகைக்காரன் டாக்லியின் வீடு இடிந்து விழுகிறது. குடித்துவிட்டு வந்த டாக்லி அவர் முகத்துக்கு நேராக, சீர்திருத்தம் வந்தால் உங்களைப் போன்ற நிலக்காரர்கள் ஓட வேண்டியிருக்கும் என்று கத்துகிறான். அந்த இடிந்த வீடு ஓவியத்தில் எவ்வளவு அழகாக இருக்கும் என்று ரசிக்கிற மேல்தட்டுக் கண்ணையும் எலியட் அதே அத்தியாயத்தில் பிடித்துக் காட்டுகிறார்.

வழக்குக்கட்டு எழுதியது:

ஒரு காட்சி. அதோடு டாக்லி காணாமல் போய்விடுகிறான். நீங்கள் வைத்த அளவுகோலை வைத்தே கேட்கிறேன், டாக்லியின் மனைவி மனசுக்குள் எலியட் எப்போது போனார்?

தாமரைக்குளம் எழுதியது:

போகவில்லை. அது உண்மை. ஆனால் ஜோவின் மனசுக்குள் டிக்கன்ஸ் போனாரா என்றும் கேட்க வேண்டும். ஜோவுக்காக நம்மை அழவைக்கிறார், நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். ஜோவாக இருந்து உலகத்தைப் பார்க்கும் இடம் மிகக் குறைவு. கடைத்தெருவில் எழுதியிருக்கும் எழுத்துகள் படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பத்தி வரும், அது அற்புதம். அதுமாதிரி இன்னும் நாலு இருந்திருந்தால் நானே கட்சி மாறியிருப்பேன்.

சாரல் எழுதியது:

நியாயம், இரக்கம், சமூகம் என்று மூன்றையும் விட்டுவிட்டு யாராவது பேசுங்களேன்! வுதரிங் ஹைட்ஸ் என்று ஒரு நாவல் 1847-ல் வந்தது. எமிலி பிராண்டி எழுதிய ஒரே நாவல். அடுத்த ஆண்டு டிசம்பரில் முப்பது வயதில் இறந்துவிட்டார். அதில் யாரும் யாருக்கும் நியாயம் செய்வதில்லை, நாவலும் செய்யச் சொல்வதில்லை. பழிவாங்கும் நாயகன் ஹீத்கிளிஃபை மன்னிக்கும்படி எமிலி நம்மிடம் கேட்கவே இல்லை. அந்தத் துணிவு எலியட்டிடம் கிடையாது.

வெறும் புயலும் காதலும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. சி. பி. சாங்கர் என்ற சட்ட வல்லுநர் 1926-ல் ஒரு சிறு நூல் எழுதினார். நாவலில் சிதறிக் கிடக்கும் தேதிகளையும் வயதுகளையும் கூட்டிப் பார்த்து, இரண்டு குடும்பங்களின் வம்சாவளி எப்படிச் சமச்சீராக அமைந்திருக்கிறது, ஹீத்கிளிஃப் இரண்டு சொத்துகளையும் அன்றைய சட்டப்படி எப்படிக் கைப்பற்றுகிறான் என்று காட்டினார். அவ்வளவு கறாரான கணக்கு உள்ளே ஓடுகிறது. மேலே நெல்லி டீன் என்ற பணிப்பெண் சொல்வதை லாக்வுட் என்ற வெளியூர்க்காரன் கேட்டு எழுதுகிறான். இருவரும் அந்தக் கதையைப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பெரியவர்கள் இல்லை. அதனால்தான் கதை அவர்களைத் தாண்டி நம்மிடம் வருகிறது. எனக்கு இதுதான் முதலிடம், இரண்டாம் இடம் காலி.

உப்பளம் எழுதியது:

இந்த நாவல்களில் எல்லோரும் செலவு செய்கிறார்களே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஜேன் ஆஸ்டினின் மான்ஸ்ஃபீல்ட் பார்க் நாவலில் மாளிகையின் சொந்தக்காரருக்கு ஆன்டிகுவாவில் தோட்டம் இருக்கிறது. 1993-ல் இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் அதை விரிவாக எழுதிய பிறகு அந்த நாவலைப் பழையபடி படிக்க முடியாது. ஜேன் அயரில் ரோச்செஸ்டரின் முதல் மனைவி ஜமைக்காவிலிருந்து முப்பதாயிரம் பவுண்டோடு வந்தவள், மாடியில் அடைத்து வைக்கப்படுகிறாள். அவளுக்கு ஒரு வாய் கிடைக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் வைட் சர்காசோ சீ எழுதிய பிறகுதான் அவள் பேசினாள். தாக்கரே பிறந்தது கல்கத்தாவில். அவருடைய வேனிட்டி ஃபேரில் வரும் ஜோஸ் செட்லி கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர்.

இதனால் இவை சிறிய நாவல்கள் என்று சொல்ல வரவில்லை. ஜேன் அயரை நான் உயிராக நேசிக்கிறேன். ஆனால் ஆகச்சிறந்தது என்ற பட்டத்துக்கு வரும் நாவல், தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாருடைய உழைப்பு என்று அறிந்திருக்க வேண்டும். மான்ஸ்ஃபீல்ட் பார்க்கில் கதாநாயகி ஃபேனி அடிமை வியாபாரம் பற்றி மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டதாகவும், உடனே அறையே மௌனமாகிவிட்டதாகவும் வரும். ஆஸ்டினுக்குத் தெரிந்திருக்கிறது. நாவல் அந்த மௌனத்தைத் தாண்டிப் போகவில்லை.

தாமரைக்குளம் எழுதியது:

உப்பளம், நீங்கள் கேட்ட கேள்விக்கு மேலே நான் சொன்ன புல்ஸ்ட்ரோட் கதையே பதில். அவருடைய செல்வம் லண்டனில் அடகுக்கடையிலிருந்து வந்தது, அந்தக் கடையின் லாபம் திருட்டுப் பொருளிலிருந்து. கடைக்கார விதவையைக் கட்டிக்கொண்டு, ஓடிப்போன மகள் உயிரோடு இருப்பதை மறைத்து, மொத்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டவர். அந்தப் பணத்தில்தான் ஊரில் ஆஸ்பத்திரி நடக்கிறது. மருத்துவத்தையே மாற்றிவிடலாம் என்ற கனவோடு வந்த இளம் டாக்டர் லிட்கேட், கடன் தொல்லையில் அவரிடம் ஆயிரம் பவுண்டு வாங்கி, அந்த ஒரு கைமாற்றால் கெட்ட பெயரெடுத்து அழிகிறான். நல்ல காரியத்துக்குப் பின்னால் இருக்கும் அழுக்குப் பணத்தை இவ்வளவு நிதானமாகப் பின்தொடர்ந்த நாவல் வேறு இருந்தால் சொல்லுங்கள்.

உப்பளம் எழுதியது:

அது உள்ளூர் அழுக்கு. கடல் தாண்டவில்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதில் பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

கிளைட்கரை எழுதியது:

நான் கிளாஸ்கோவில இருக்கிறன். இவ்வளவு நேரமும் நீங்கள் எல்லாரும் கதைக்கிறது இங்கிலாந்து நாவலைப் பற்றி. பிரிட்டிஷ் எண்டால் ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் எங்க போச்சு?

லூயிஸ் கிராசிக் கிப்பனின்ர சன்செட் சோங், 1932. வடகிழக்கு ஸ்கொட்லாந்தில மேர்ன்ஸ் எண்ட பகுதி, களிமண் நிலம். கிறிஸ் கத்ரி எண்ட பெட்டைக்குள்ள இரண்டு கிறிஸ். ஒருத்திக்குப் படிப்பும் இங்கிலீஷ் புத்தகமும் வேணும், மற்றவளுக்கு அந்த மண்ணும் அதின்ர பேச்சும் வேணும். தாய் தொடர்ந்து பிள்ளை பெறுகிற பயத்தில நஞ்சு குடிச்சுச் சாகிறா, கைக்குழந்தைகளையும் கொண்டுபோறா. புருசன் யூவன் முதலாம் உலகப்போருக்குப் போய், விடுமுறையில திரும்பி வரேக்க மிருகமாய் வாறான், பிறகு பிரான்சில ஓடிப்போனவன் எண்டு சுட்டுப்போடுகினம். அந்தச் சின்ன ஊரில பாதிக் குடும்பம் போரோட அழிஞ்சு போகுது. எழுதின நடையைச் சொல்லவேணும். ஸ்கொட்ஸ் பேச்சின்ர தாளத்தில, ஊரே சேர்ந்து கதை சொல்லுற மாதிரி ஓடும். எலியட் மிடில்மார்ச்சுக்கு வைச்ச துணைத்தலைப்பு மாகாண வாழ்க்கையைப் பற்றின ஆய்வு எண்டு. ஆய்வு செய்யிற ஆள் கொஞ்சம் உயரத்தில நிண்டு பார்க்கிறா. கிப்பன் வயலுக்குள்ள நிண்டு பார்க்கிறார். முப்பத்திமூண்டு வயசில செத்துப்போனார், இல்லாட்டி இன்னும் எவ்வளவு எழுதியிருப்பார்.

ஜேம்ஸ் ஹொக்கின்ர ஜஸ்டிஃபைட் சின்னர் 1824. சாத்தானும் மதவெறியும் ஒரே தலைக்குள்ள இருக்கிற கதை, இண்டைக்கும் புதுசாய் இருக்கு. வேல்ஸ் மொழியில கரடோக் பிரிச்சர்ட் 1961-ல எழுதின நாவல் ஒண்டு, கற்பலகைச் சுரங்க ஊர்ப் பெடியன், தாய் மனநோய் விடுதிக்குப் போறா. அதுவும் பிரிட்டன் மண்ணில எழுதின நாவல்தானே? இங்கிலீஷில எழுதேல்லை எண்டதுக்காக எந்தப் பட்டியலும் அதைத் திரும்பிப் பார்க்கிறேல்லை.

வழக்குக்கட்டு எழுதியது:

இது கனமான ஆட்சேபணை, கிளைட்கரை. எல்லை பற்றி இன்னொன்று. ஜோசப் கான்ராட் போலிஷ்காரர், ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி, 1886-ல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். இஷிகுரோ நாகசாகியில் பிறந்து சிறுவயதில் வந்தவர். இவர்களைச் சேர்க்கிறோம். யுலிசஸ் எழுதிய ஜாய்ஸைச் சேர்ப்பதில்லை, அயர்லாந்துக்காரர் என்பதால். அது சரியான முடிவுதான், யுலிசஸ் டப்ளினுக்குச் சொந்தம். ஆனால் வேல்ஸ் மொழியில் எழுதியதை வெளியே வைக்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

தூரிகை எழுதியது:

டு தி லைட்ஹவுஸை இதுவரை யாரும் பேசவில்லையே, அதுதான் இரண்டாவது இடம் வாங்கியது. எனக்கு முதல்.

எலியட்டின் கதைசொல்லிக்கு எல்லோர் மனசும் தெரியும். வுல்ஃபின் நாவலில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது, ஒரு கணம் தெரிந்த மாதிரி இருக்கும், உடனே போய்விடும். முதல் பகுதி முழுக்க மிசஸ் ராம்சேயைச் சுற்றியே நகர்கிறது. நடுப்பகுதியில் பத்து வருஷம் ஓடுகிறது. அவள் இறந்த செய்தி சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் வருகிறது, அதுவும் வாக்கியத்தின் ஓரத்தில். மகள் பிரசவத்தோடு தொடர்பான நோயில் போகிறாள், மகன் பிரான்சில் குண்டு வெடித்துச் சாகிறான், இரண்டும் அடைப்புக்குறிக்குள்தான். வெளியே வீடு பாழடைவதும் மிசஸ் மெக்நாப் என்ற கிழவி வாளியும் துடைப்பமுமாக வந்து அதை மீட்பதும் பக்கம் பக்கமாக வரும். சாவை எழுதுவதற்கு அதைவிட உண்மையான வழியை நான் எங்கும் படித்ததில்லை. நெருங்கியவர்களை இழந்த எவருக்கும் அந்த வாக்கியம் ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

வுல்ஃப் 1919-ல் எழுதிய கட்டுரையில் மிடில்மார்ச்சை, வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்ட சில ஆங்கில நாவல்களில் ஒன்று என்றார். இரண்டும் பகை இல்லை. எலியட் முடித்த இடத்தில் வுல்ஃப் தொடங்கினார்.

சாரல் எழுதியது:

1873-ல் மிடில்மார்ச்சுக்கு மதிப்புரை எழுதிய ஹென்றி ஜேம்ஸும் ஏறத்தாழ அதைத்தான் சொன்னார். பழைய பாணி ஆங்கில நாவல் இதற்குமேல் வளர இடமில்லை என்று. அதே மதிப்புரையில், விவரங்களின் கருவூலம், முழுமையாகப் பார்த்தால் சுமார் என்றும் சொன்னார். கசாபன் இறந்தபின் டோரதியா கட்டிக்கொள்ளும் வில் லாடிஸ்லாவைப் பற்றி அவர் குறைசொன்னதும் நியாயம். டோரதியா மாதிரி ஒருத்தி காத்திருந்து கட்டிக்கொள்ளும் அளவுக்கு அந்த ஆளிடம் என்ன இருக்கிறது?

தாமரைக்குளம் எழுதியது:

லாடிஸ்லா பலவீனம்தான், மறுக்கமாட்டேன். முழுமை இல்லை என்பதை மட்டும் மறுக்கிறேன். எலியட் முதலில் லிட்கேட் கதையைத் தனியாகவும் மிஸ் புரூக், அதாவது டோரதியா, கதையைத் தனியாகவும் எழுதத் தொடங்கினார், பிறகுதான் இணைத்தார். தையல் தெரிகிறது என்று சொல்பவர்கள் 42ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். கசாபனுக்கு இதயநோய் என்று சொல்வது லிட்கேட். கலங்கிப்போன கணவனுக்கு ஆறுதலாகக் கைகொடுக்கப் போன டோரதியாவை அவர் உதறிவிடுகிறார். அவள் கோபத்தில் கொதித்து அறையில் இருக்கிறாள். இரவில் கோபம் மெல்ல இறங்கி, அவர் படியேறி வரும்வரை இருட்டில் காத்து நிற்கிறாள். அவர் கனிவாக ஒரு வார்த்தை சொல்கிறார். இருவரும் கைகோத்து நடந்து போகிறார்கள். இரண்டு கதைகளும் அங்கே ஒரே மூச்சில் ஓடுகின்றன.

மூர்மார்க்கெட் எழுதியது:

எல்லோரும் பெரிய பெயர்களாகவே சொல்கிறீர்கள். நம் முன்னோர் பலர் தமிழில் படித்த பிரிட்டிஷ் நாவலாசிரியர் எலியட்டும் இல்லை, வுல்ஃபும் இல்லை. ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ். மறைமலையடிகளின் நாகநாட்டரசி அவருடைய லெய்லாவைத் தழுவியது. ஆரணி குப்புசாமி முதலியார் அவர் நாவல்களைத் தொடர்ந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். ரெனால்ட்ஸ், தொழிலாளருக்கு ஓட்டுரிமை கேட்ட சாசன இயக்கத்துக்காரர். 1844-ல் மிஸ்டரீஸ் ஆஃப் லண்டனை வாரம் ஒரு பென்னிக்கு விற்கத் தொடங்கி, பிரபுக்களின் அக்கிரமத்தையும் ஏழைகளின் பாட்டையும் ஏழைகளே வாங்கிப் படிக்கும்படி எழுதினார். நடை தடித்தது, சம்பவங்கள் நம்பமுடியாதவை, ஆகச்சிறந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் டாக்லியும் ஜோவும் உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டியிருக்கக்கூடிய நாவல் அதுதான். இந்த விவாதத்தில் அவர் பெயர் ஒருமுறையாவது வர வேண்டும் என்று எழுதினேன்.

வழக்குக்கட்டு எழுதியது:

வர வேண்டியதுதான். நன்றி.

புதுவாசகி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். இவற்றில் ஒன்றுகூட இன்னும் வாசித்ததில்லை. எதில் தொடங்குவது? எண்ணூறு பக்கம் என்றால் பயமாக இருக்கிறது.

தூரிகை எழுதியது:

வுல்ஃபில் தொடங்காதேம்மா. நான் சொல்கிறேன், முதல் முப்பது பக்கத்தில் மூடி வைத்துவிடுவாய். ஜேன் அயர் எடு. கையை விட்டு இறங்காது. அதை முடித்த கையோடு உப்பளம் சொன்ன ஜீன் ரீஸ், மிகச் சிறிய நூல்.

வழக்குக்கட்டு எழுதியது:

கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ். அது பிடித்தால் ப்ளீக் ஹவுஸ், மாதம் மூன்று நான்கு அத்தியாயம் மட்டும். 1852-53-ல் அது மாத இதழ்களாகத்தான் வந்தது, அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் படித்தார்கள்.

தாமரைக்குளம் எழுதியது:

மிடில்மார்ச்சும் எட்டுப் பகுதிகளாக வந்ததுதான், 1871 டிசம்பர் தொடங்கி ஓராண்டு. முதல் பத்து அத்தியாயம் டோரதியா மட்டும், அங்கே சோர்ந்துவிடாதீர்கள். லிட்கேட் வந்த பிறகு ஊர் முழுக்கத் திறந்துகொள்ளும். 74 வந்ததும் இங்கே எழுதுங்கள்.

கிளைட்கரை எழுதியது:

தங்கச்சி, சன்செட் சோங்கின்ர முன்பகுதி ஊர்ச் சரித்திரம், பெயர்கள் நிறைய வரும். அதை விட்டிட்டு நேராக் கிறிஸ் வாற இடத்தில தொடங்கும். முன்பகுதியைக் கடைசியில வாசிச்சால் போதும்.